அடைக்க மறந்த துளை

பொய்களிலேயே சுலபமான பொய் ‘ஒண்ணுமில்ல’ என்பதுதான். யோசிக்க வேண்டாம், ஜோடிக்க வேண்டாம், மூச்சை விடுவதுபோல விட்டுவிடலாம். போன வாரம் ஜெயபிரியா அண்ணனிடம் போனில் அதைத்தான் விட்டாள்.

“வகுப்பு நீளமாப் போகுதுண்ணே. அதான் ஆஸ்டல்ல தங்கியிருக்கேன். வேற ஒண்ணுமில்ல.”

ராஜதுரை நம்பிவிட்டான். சாத்தான்குளத்தில் கரி வியாபாரம் செய்கிறவன். தூத்துக்குடியில் தன் தங்கச்சி வெளிநாட்டு அதிகாரிகளுக்கே பாடம் எடுக்கிறாள் என்று கடைத்தெருவில் கண்ணில் பட்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன். அவள் பேச்சை நம்பாமல் வேறு யார் பேச்சை நம்புவான்?

உண்மை வேறு. மூன்று வாரமாக அவள் மில்லர்புரத்தில் இருக்கும் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை. பயிற்சிக்கு வந்திருக்கும் சிக்கோண்டி என்ற பெண் அதிகாரியின் நாட்டிலிருந்து அவளுக்கு வேலை வந்திருக்கிறது. அந்த நாட்டில் எங்கே என்ன எரிகிறது, எந்த வயலிலிருந்தும் எந்தக் குப்பைமேட்டிலிருந்தும் எவ்வளவு வாயு வானத்துக்குப் போகிறது என்று கணக்கெடுத்து ஐ.நா.வுக்கு அறிக்கை எழுத, அங்குள்ளவர்களைப் பழக்கிவிட வேண்டும். இரண்டு வருஷ வேலை. ஆப்பிரிக்காவில் கடலே இல்லாத ஒரு சின்ன நாடு. பெயரைச் சொன்னால் அடுத்த வாரம் நீங்களும் மறந்துவிடுவீர்கள், நானும் மறந்துவிடுவேன். ஆப்பிரிக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

புருஷன் செந்தில்முருகன் ஒரே பேச்சில் முடித்துவிட்டான். “போறதுன்னா போ. திரும்பி இந்த வீட்டு வாசல் மிதிக்காத.”

இதை அண்ணனிடம் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்காதீர்கள். செந்தில்முருகன் முத்தையாபுரத்தில் லாரி செட் வைத்திருக்கிறான். ராஜதுரையின் கரி முழுக்க கோயம்புத்தூருக்குப் போவது அவன் லாரிகளில்தான். கரி லோடு என்றால் மற்றவர்கள் தூசிக்குப் பயந்து ஆயிரம் சாக்கு சொல்வார்கள். மச்சான் சரக்கு என்பதால் செந்தில் இதுவரை முகம் சுளித்ததில்லை. போதாததற்கு, இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்ததே ராஜதுரைதான்.

இன்று காலை பயிற்சி அதிகாரிகளோடு வேனில் ஏறி உட்கார்ந்ததும் ஜெயபிரியாவின் போனில் செந்திலின் செய்தி வந்தது. ‘இன்னைக்கு மச்சான்ட்ட நானே பேசிக்கிடுதேன்.’

விஷயம் எப்படியும் அண்ணன் காதுக்குப் போகத்தான் போகிறது. ஆனால் செந்தில் வாயால் போனால், இத்தனை நாள் தங்கச்சி தன்னை ஏமாற்றினாள் என்பதுதான் அண்ணனுக்கு முதலில் தெரியும். அதற்கப்புறம் அவள் எதைச் சொன்னாலும் எடுபடாது. செந்தில் பேசுவதற்கு முன்னால் அவள் பேசியாக வேண்டும்.

வேன் போவதும் அண்ணனிடம்தான். கரி சுடும் மூட்டத்தைப் பார்த்துக் கணக்கெடுக்கும் களப்பயிற்சியை அங்கேயே வைக்கலாம் என்று போன மாதம் முடிவு செய்தவள் அவளேதான். அப்போது இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

“உங்கள் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிக்கோண்டி.

“ரோடு சரியில்லை” என்றாள் ஜெயபிரியா. ரோடு நன்றாகத்தான் இருந்தது.

சிக்கோண்டி மடியில் தன் பயிற்சித் தாளை விரித்து வைத்திருந்தாள். கரி என்ற வரிசைக்கு நேராக முதலில் ‘இல்லை’ என்று எழுதி, பிறகு அடித்திருந்தாள். போன வாரம் வகுப்பில் இதற்காக அவளிடம் ஒரு பாட்டம் சண்டையே போட்டிருந்தாள் ஜெயபிரியா. அனுமதியில்லாமல் கரி சுடக் கூடாது என்பது தன் நாட்டுச் சட்டம், அதனால் கணக்குப்படி அது இல்லை என்பது சிக்கோண்டியின் வாதம்.

“இல்லை என்பது வேறு. இருக்கிறது, இன்னும் கணக்கெடுக்கவில்லை என்பது வேறு” என்று ஜெயபிரியா மேஜையைத் தட்டிச் சொன்னாள். “கணக்கெடுக்கவில்லை என்று எழுதினால் அடுத்த வருஷமாவது யாராவது எடுப்பார்கள். இல்லை என்று எழுதிவிட்டால் அதோடு போச்சு. அந்தப் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.”

நன்றாகத்தான் பாடம் நடத்துகிறாள், நம் டீச்சர்.

ஊருக்கு வெளியே, சீமைக்கருவேலங்காட்டை ஒட்டிய பொட்டலில் மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. விறகைக் கூம்பாக அடுக்கி, வைக்கோல் போட்டு மூடி, அதன்மேல் ஈரமண் பூசி, உள்ளே நெருப்பு வைத்த பெரிய குவியல். மழைக்கு முன் போடும் கடைசி மூட்டம் இது. வானம் ஒரு வாரமாகவே மூடிக்கொண்டும் திறந்துகொண்டும் ஆட்டம் காட்டியது.

வேல்விழி மதினி ஷெட்டில் சுக்குக் காப்பியும் அவித்த சீனிக்கிழங்கும் தயாராக வைத்திருந்தாள். வந்தவர்களுக்குச் சிரித்துச் சிரித்துக் கொடுத்தாள். நாத்தனாரை மட்டும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னளா, கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்கி. ஆஸ்டல்ல சோறு போடுதாவளா, இல்ல படம் காட்டுதாவளா?”

“நல்ல சாப்பாடுதான் மதினி.”

“மாப்பிள்ளை வரலியா?”

“லாரி செட்ல வேலை.”

“வேற ஒண்ணுமில்லையே?”

“ஒண்ணுமில்ல மதினி.”

வேல்விழி மேற்கொண்டு கேட்கவில்லை. மேஜையிலிருந்த டிபன் கேரியரை ஜெயபிரியா நகர்த்தப் போனபோது மட்டும் சட்டென்று கையைப் பிடித்தாள். “அடி அடுக்கைத் தொறந்துராத. அது சாயங்காலத்துக்கு.”

ராஜதுரை வெள்ளைச் சட்டை போட்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்பவனைப்போல நின்றான். ஜெயபிரியா அவனைத் தனியே இழுத்தாள்.

“அண்ணே, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்.”

“பேசலாம்ளா. முதல்ல வந்தவங்களைக் கவனிப்போம். எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காவ.”

அவ்வளவுதான். அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு மூட்டத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டான். மூட்டம் காக்கும் சுடலைக்கண்ணன் ஜெயபிரியாவிடம் ரகசியமாகக் கேட்டான். “அக்கா, புகைக்கும் வரி போடப் போறாவளா?”

“இல்ல. எவ்வளவு போகுதுன்னு பாக்காவ.”

“போறது போகட்டும். அதைப் பாத்து என்ன செய்ய?”

அதற்குப் பதில் சொல்ல அவளுக்கு ஒரு முழு வகுப்பு வேண்டும். இன்று அதற்குப் பொறுமையும் இல்லை.

விறகில் கால்வாசிகூடக் கரியாகத் தேறாது என்று ராஜதுரை சொன்னான். ஜெயபிரியா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். மீதி எங்கே போகிறது என்று கேட்டாள் சிக்கோண்டி. ராஜதுரைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வானத்தைக் கை காட்டினான்.

“அதைத்தான் உங்க டீச்சர் எண்ணுதா.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயபிரியாவும் சிரித்து வைத்தாள். ‘அண்ணே, ஒரு நிமிஷம்’ என்று மறுபடி வாயெடுத்தாள். அவன் அதற்குள் ஏணியில் ஏறி மூட்டத்தின் உச்சியைக் காட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்தது வாயு அளக்கும் கருவி. புகைபோக வைத்திருக்கும் வாயில் முதலில் பிடித்துப் பார்த்தார்கள். நெருப்பு அமுங்கிக் கிடக்கும் உள்பக்கத்தில் மீத்தேன் எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்றார்கள். ஜெயபிரியா யாரிடமும் கொடுக்காமல் தானே கடப்பாரையை வாங்கி, கிழக்குப் பக்கமாக மண் பூச்சில் ஒரு துளை போட்டாள். இரும்புக் குழாயைச் செருகினாள். கருவியில் எண்கள் ஏறின. எல்லோரும் ஆவலாக எழுதிக்கொண்டார்கள்.

“பாத்தியாலே, எங்க வீட்டுப் புள்ளைய” என்றான் ராஜதுரை சுடலைக்கண்ணனிடம்.

குழாயை உருவினால் அடுத்த நொடி துளையில் ஈரமண்ணை அப்ப வேண்டும். மூட்டத்தில் ஒரு சின்னத் துளை போதும். காற்று உள்ளே போய்விட்டால் கரியாக வேண்டியது சாம்பலாகிவிடும். கரிக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, பல் தேய்ப்பதுபோலக் கை தானாகச் செய்யும். அவளும் குழாயை உருவிவிட்டு ஒரு கை மண் எடுத்தாள்.

போன் அடித்தது. செந்தில்முருகன்.

மண் கையிலிருந்து விழுந்தது. சுடிதாரில் கையைத் துடைத்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் ஓடினாள்.

“சாயங்காலம் லாரியோட நானே வாரேன்” என்றான் செந்தில்.

“நான் சொல்லிக்கிடுதேன். இன்னைக்கு ஒரு நாள் பொறுங்க.”

“மூணு வாரமாப் பொறுத்தாச்சு. நான் என்ன சொல்லிருவேன்னு இப்படிப் பயப்படுத? உன்னை அடிச்சேனா, திட்டுனேனா? வீட்ல இருன்னு சொன்னேன். அது ஒரு குத்தமா?”

“குத்தம்னு நான் சொல்லல. என்னால முடியாதுன்னுதான் சொன்னேன்.”

“எனக்கும் சும்மா இருக்க முடியல பிரியா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது எல்லோரும் ஷெட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். வழக்கமாக மூட்டத்தைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும் சுடலைக்கண்ணன் இலை போட்டுக்கொண்டிருந்தான். விருந்தாளி வந்த வீட்டில் வேலைக்காரன், வேடிக்கைக்காரன் எல்லோரும் பரிமாறத்தானே நிற்பார்கள். ராஜதுரையின் உத்தரவு அது.

சாப்பிட்டதும் ஜெயபிரியா வெள்ளைப் பலகைமுன் நின்று காலையில் எடுத்த எண்களைப் போட்டாள். கூட்டல் ஒரு முறை தப்பியது. அழித்துவிட்டுப் போட்டாள். மறுபடி தப்பியது. கண் வாசலுக்கும் அண்ணனுக்கும் அலைந்துகொண்டிருந்தது. அண்ணனோ யாரோ ஒருவருக்கு வெற்றிலை மடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

கடல்காற்று திரும்பியது. இந்தப் பக்கம் மத்தியானத்துக்குமேல் அது வந்துவிடும். கிழக்கேயிருந்து நேராக வரும்.

“புகையின் நிறம் மாறிவிட்டதே” என்றாள் சிக்கோண்டி வெளியே பார்த்துக்கொண்டு. “இதையும் எழுதிக்கொள்ளவா?”

ஜெயபிரியா திரும்பினாள். வெள்ளையாகப் போக வேண்டிய புகை கறுப்பாகப் போனது. அதன் நடுவே சிவப்பாக ஒரு நாக்கு வெளியே வந்து மடங்கியது.

அப்போதுதான் அவளுக்குக் கையில் எடுத்த மண் ஞாபகம் வந்தது.

“அண்ணே, மூட்டம்” என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல யாராலும் முடியாது. ராஜதுரை வெள்ளைச் சட்டையோடு ஏணியில் ஏறினான். சுடலைக்கண்ணன் கூடை கூடையாக மண் கொடுத்தான். கிழக்குப் பக்கம் பொத்தென்று சரிந்து, உள்ளிருந்து அனல் அடித்தது. வேல்விழி குடத்தோடு ஓடி வந்தாள். சிக்கோண்டி ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு கையாலும் மண்ணை வாரி அப்பினாள். மற்ற அதிகாரிகளும் அவரவர் நாட்டு மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே தண்ணீர் வாளியைக் கை மாற்றினார்கள். இத்தனை நாளும் வந்துவிடாதே என்று வேண்டிய மழையை, வந்து தொலையேன் என்று ராஜதுரை திட்டினான். மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நெருப்பு அடங்கியபோது பாதி மூட்டம் சாம்பல்.

எல்லோரும் கறுத்த முகத்தோடு அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஜெயபிரியா மட்டும் உட்காரவில்லை. நின்றாள், நடந்தாள், மறுபடி வந்து நின்றாள். ராஜதுரை சரிந்த இடத்தில் குனிந்து எதையோ தேடினான். சுட்டு இறுகிப்போன மண் பூச்சில் ஒரு பாளம் கிடந்தது. அதன் நடுவே குழாய் அளவுக்கு வட்டமாகத் துளை.

“அண்ணாச்சி, நான் ஒரு சுத்து வந்திருந்தேம்னா...” என்றான் சுடலைக்கண்ணன்.

“நீ சும்மா இருலே.”

அந்த மண் பாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தங்கச்சி முன்னால் வந்து நின்றான். வேல்விழியும் பின்னாலேயே வந்தாள். திட்டு விழப்போகிறது என்று ஜெயபிரியா தலையைக் குனிந்துகொண்டாள். விழுந்தால் நல்லது என்றுகூட இருந்தது.

“இது நீ போட்டதுதான?”

“ஆமாண்ணே.”

“காய்ச்சல்ல கிடக்கும்போதுகூட, மூட்டத்துல விரிசல்னு கேட்டா எந்திரிச்சு வந்து மண்ணு அப்புவ. நீ ஒரு துளையைப் போட்டுட்டு அடைக்காமப் போற ஆளா?”

அவள் அந்தத் துளையையே பார்த்தாள்.

“மூட்டம் கிடக்கட்டும், மழை முடிஞ்சு வேற போட்டுக்கிடலாம். அந்த நேரத்துல உனக்குப் போன் வந்துச்சே, அது யாரு? என்ன நடக்கு உனக்கு?”

ஒண்ணுமில்ல. அந்த வார்த்தை நாக்கு நுனியில் வந்து தயாராக நின்றது. இத்தனை நாள் பழகிய வார்த்தையாயிற்றே. சற்றுத் தள்ளி சிக்கோண்டி கரி படிந்த கையால் பயிற்சித் தாளைத் தொடையில் வைத்து, கரி வரிசையில் அடித்த இடத்துக்குப் பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

“இருக்குண்ணே” என்றாள் ஜெயபிரியா.

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஆப்பிரிக்கா வேலையை, மூன்று வாரத்தை, ஆஸ்டல் பொய்யை, செந்தில் சொன்னதை. அழுகை வந்தது, துடைத்துவிட்டுச் சொன்னாள். முகமெல்லாம் கரி.

ராஜதுரை கடைசிவரை கேட்டுக்கொண்டான்.

“அங்க போறது முடிவா?”

“முடிவுதான்.”

“அப்புறம் ஏன் இத்தனை நாள் சொல்லல?”

“லாரி நின்னுரும்னு...”

அவன் கையிலிருந்த மண் பாளம் கீழே விழுந்து உடைந்தது.

“அப்ப நீ என்னை அண்ணன்னு பாக்கலை. கரி யாவாரின்னு பாத்திருக்க.” சாம்பல் மேட்டைக் கை காட்டினான். “இந்தப் பாதி மூட்டம் போனது எனக்கு வலிக்கலளா. இதுதான் வலிக்கி.”

அடித்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு உறைத்திருக்காது. அவன் கையைப் பிடிக்கப் போனாள். அவன் பிடிக்க விட்டான், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்போது காட்டுப் பாதையில் ஹாரன் கேட்டது. லாரி ஒன்று குலுங்கிக் குலுங்கி வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து செந்தில்முருகன் இறங்கினான். சாம்பல் மேட்டைப் பார்த்தான். கறுத்த முகங்களைப் பார்த்தான். பெண்டாட்டி அழுதிருப்பதைப் பார்த்துவிட்டு, பேச வந்ததை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றான்.

முந்திக்கொண்டேன் என்று ஜெயபிரியாவுக்கு ஒரு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“லோடுக்கு இன்னும் ரெண்டு நாள் கிடக்கே. இவரு இன்னைக்கு எதுக்கு வாராரு?” என்றான் ராஜதுரை. “யாரு வரச் சொன்னா?”

வேல்விழி ஷெட்டுக்குப் போய் ஒரு தட்டை எடுத்துக் கழுவினாள். டிபன் கேரியரின் அடி அடுக்கைத் திறந்து மேஜையில் வைத்தாள். காலையிலிருந்து யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த அடுக்கு. அந்தப் புகை நாற்றத்தையும் மீறிக் கருவாட்டுக் குழம்பு மணத்தது. அந்தக் குடும்பத்தில் கருவாட்டுக் குழம்பை விரும்பிச் சாப்பிடுகிறவன் செந்தில் ஒருவன்தான்.

“கை கழுவிட்டு வாங்க மாப்பிள்ளை” என்றாள் வேல்விழி, யார் முகத்தையும் பார்க்காமல்.

ராஜதுரை குழம்பைப் பார்த்தான். தங்கச்சியைப் பார்த்தான். பிறகு பெண்டாட்டி பக்கம் மெதுவாகத் திரும்பினான்.

“ஏளா, உனக்கு இது எப்பருந்து தெரியும்?”